தேய்ந்த உயிரெழுத்தை எங்கே தேடுவது? அவிநாசிப் பக்கத்து மாலை வகுப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய மாணவி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அரசுப் பள்ளி, தமிழ்வழி. ஊர் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங். அவர்கள் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வரை பிள்ளை நான் நடத்தும் மாலை வகுப்பில் இருக்கும். பெயர் இங்கே தேவையில்லை. மாணவி என்றே எழுதுகிறேன்.

ஆங்கிலம் வராத பிள்ளை என்று இவளைச் சொல்லிவிட முடியாது. பாடத்தைத் திக்காமல் வாசிப்பாள். பொருள் கேட்டால் தமிழில் தெளிவாகச் சொல்வாள். சொந்தமாக எழுத உட்கார்ந்தால்தான் ஸ்பெல்லிங்கில் சிக்கல். வரிக்கு ஒரு சிவப்புச் சுழியாவது விழும். பள்ளியில் அதற்குக் கிடைத்த மருந்து இம்போசிஷன். தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுதினாள். அடுத்த தேர்வில் அதே சொல் அதே எழுத்தில் தப்பியது. கடைசியில் ரேங்க் கார்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பு வந்துவிட்டது. அம்மா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "கவனமா எழுது கண்ணுன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டனுங்க மிஸ். எழுதிக்கிட்டுத்தான் இருக்கறா. மறுக்கா மறுக்கா அதே தப்புத்தான் வருதுங்க."

கவனக்குறைவு என்ற அந்தக் குறிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதற்கு அவளுடைய நோட்டே சாட்சி.

நோட்டில் இருந்தது

படிப்பவர் குழம்பாமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கில உயிரெழுத்துகளை ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று அவற்றின் பெயராலேயே இந்தக் கட்டுரை முழுக்கக் குறிப்பிடுகிறேன்.

நான் கொடுத்த டிக்டேஷனில் பாதிச் சொற்கள் அவள் வீட்டில் தினமும் புழங்குபவை. டாக்டர், டெய்லர், டிராக்டர், ஹெல்பர், டிரைவர், காலர் என்ற ஆறு சொற்களையும் ஏ-ஆர் போட்டு முடித்திருந்தாள். காலர் மட்டும் சரி. மற்ற ஐந்தும் தப்பு. கரெக்ட், கனெக்‌ஷன், கம்ப்ளெய்ண்ட் மூன்றிலும் முதல் உயிர் ஓ வர வேண்டும். மூன்றிலும் ஏ எழுதியிருந்தாள். கம்பெனியின் நடுவில் ஏ வர வேண்டிய இடத்தில் ஈ. காலண்டரில் அதற்கு நேர்மாறு: நடுவில் ஈ வர வேண்டும், இவள் எழுதியது ஏ. செப்பரேட், டிஃபரெண்ட், இன்டரெஸ்ட், சாக்லேட் நான்கிலும் நடு உயிரெழுத்தையே காணோம். செப்ரேட், டிஃப்ரெண்ட் என்றுதானே நாமும் சொல்கிறோம்.

இதே நோட்டில் எவையெல்லாம் சரியாக இருந்தன என்பதைப் பார்க்க வேண்டும். டாக்டரின் முதல் ஓ சரி. டிராக்டரின் முதல் ஏ சரி. ஹெல்பரின் முதல் ஈ சரி. கரெக்டில் இரண்டாவதாக வரும் ஈ சரி. மெய்யெழுத்துகளில் பெரிதாகக் குறையில்லை. கவனக்குறைவாக எழுதும் பிள்ளைக்குத் தப்பு எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கும். இங்கே சொல்லி வைத்ததுபோல் அழுத்தம் விழாத, அதாவது பலமாக ஒலிக்காத அசையில் மட்டுமே தப்பு. அதிலும் ஒரே மாதிரித் தப்பு. பிள்ளை ஒரு விதியை வைத்துக்கொண்டு எழுதுகிறாள், அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்தது.

இம்போசிஷன் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். காலண்டர் என்ற சொல் பத்து வரி. முதல் நான்கு வரியில் சரியான ஈ. ஐந்தாவது வரியில் அது ஏ ஆகிவிட்டது; கடைசி வரைக்கும் ஏதான். கீழே டிக் போட்டுக் கையெழுத்து. எழுதியவளும் கவனிக்கவில்லை, திருத்தியவரும் கவனிக்கவில்லை. தப்பை ஆறு தடவை பழகுவதற்கு ஒரு பக்கம் செலவானது.

காது ஏன் உதவாது

ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் ஏதோ ஓர் அசை பலமாக விழும். பலம் விழாத அசையில் உயிர் தேயும். தேயும்போது அதன் அடையாளமே போய்விடுகிறது. அபவுட்டின் ஏ, டேக்கனின் ஈ, பென்சிலின் ஐ, லெமனின் ஓ, சர்க்கஸின் யூ ஆகிய ஐந்தும் ஆங்கிலேயர் வாயில் ஏறக்குறைய ஒரே மங்கிய ஒலி. மொழியியலில் இதை ஷ்வா என்பார்கள். அகராதியில் தலைகீழாகத் திருப்பிய சின்ன ஈ இதன் குறி. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் ஒலி இதுதான். ஆனால் இதற்கென்று தனி எழுத்து கிடையாது.

எழுத்து ஒரு காலத்துப் பேச்சில் உறைந்து நின்றுவிட்டது என்பது ஒரு காரணம். பழைய ஆங்கிலத்தில் தெளிவாக ஒலித்த கடைசி அசைகள் இடைக்காலத்தில் மங்கின. வில்லியம் கேக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அதன் பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்று, சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வந்தபோது பெரும்பாலும் இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள் தம் பழைய உயிரெழுத்தை எழுத்தில் மட்டும் சுமந்துகொண்டிருக்கின்றன. அதனால் லண்டனில் பிறந்த பிள்ளையும் டாக்டரை ஈ-ஆர் போட்டு எழுதித் திட்டு வாங்கத்தான் செய்யும்.

நம் பிள்ளைகளுக்கு இதன்மேல் இன்னும் சில சேர்கின்றன. தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றுவதால் பொருள் மாறும் சொல் இல்லை. பல், பால் என்று நீளம் மாறினால்தான் பொருள் மாறும். ஆங்கிலத்தில் ரெகார்ட் என்ற சொல்லை முதல் அசையில் அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதில் அழுத்தினால் வினைச்சொல். நம் காது நீளத்தை அளந்து பழகியது. பலத்தை அளக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்தது, தேய்ந்த ஒலி நம் காதில் 'அ' என்று விழுகிறது. 'அ' என்றால் ஏ என்று பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? முதலில் பெயர்களில். சேகர், சங்கர், பாஸ்கர் எல்லாம் ஏ-ஆர். அப்புறம் போனில். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது 'அ' வரும் இடமெல்லாம் ஏதான். மாணவி அம்மாவின் போனிலிருந்து மாமாவுக்கு வாட்ஸாப்பில் எழுதுவது முழுக்க அப்படித்தான். சங்கருக்கு ஏ-ஆர் என்றால் டாக்டருக்கும் ஏ-ஆர். நோட்டில் நான் பார்த்த விதி இதுதான். கம்பெனியில் ஈ வந்ததும் இதே கணக்கில்தான். நாம் 'பெ' என்று சொல்கிறோம், அவள் அதற்குரிய எழுத்தைப் போட்டாள்.

வகுப்பில் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். இந்தியின் அகரமே ஏறக்குறைய இந்த ஷ்வா ஒலிதான். அவனும் தேய்ந்த இடத்தில் எல்லாம் ஏ போட்டிருந்தான்.

ஆக, 'நன்றாகக் கேட்டு எழுது' என்று சொல்வதில் பயனில்லை. எந்த எழுத்து என்ற தகவல் அந்த ஒலிக்குள் இல்லவே இல்லை. இல்லாததை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைக்காது. அதை வேறு இடத்தில் தேடக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் எங்கே, எப்படித் தேடினோம் என்பது.

எலையும் இலையும்

முதல் வேலை பிள்ளையின் மனதிலிருந்து பயத்தை எடுப்பது. "உன் காது மேல தப்பில்லை கண்ணு. நீ கேட்டது சரி, அவங்க எழுத்துதான் வேற மாதிரி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எலைன்னு பேசிப்போட்டு இலைன்னு எழுதறமில்லீங்க மிஸ், அந்த மாதிரிங்களா?"

அதேதான். ஒடம்பு என்று சொல்லி உடம்பு என்று எழுதுகிறோம். எடம், இடம். ஒலகம், உலகம். தமிழ்ப் பிள்ளை எதுவுமே பேசுவதுபோல் எழுதுவதில்லை. பேச்சுக்கு ஒரு குரல், எழுத்துக்கு ஒரு குரல் என்று ஐந்து வயதிலிருந்தே இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறாள். உயிர் தேய்வதுகூட நமக்குப் புதிதில்லை. காசு, பாட்டு என்பவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று தொல்காப்பியமே வகுத்து வைத்திருக்கிறது. மாணவியும் இலக்கண வகுப்பில் அதைப் படித்திருந்தாள். ஒரு வேறுபாடு: தமிழில் குறைந்தாலும் உகரம் உகரமாகவே இருக்கும், ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தும் ஒரே ஒலியில் போய் விழும். இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வகுப்பில் 'எழுத்துக் குரல்' என்று ஒன்று நடப்புக்கு வந்தது. ஆங்கிலச் சொல்லை எழுதும்போது மட்டும் ஒவ்வொரு உயிரையும் முழுசாக உச்சரிப்பது. டாக்-டோர். டெய்-லோர். சாக்-கொ-லேட். இன்-டெ-ரெஸ்ட். கா-லென்-டார். பேசும்போது வழக்கம்போல் காலண்டர், டாக்டர். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். காணாமல் போன நடு உயிரெழுத்துகள் முதலில் திரும்பி வந்தது இதனால்தான்.

ஆனால் எழுத்துக் குரல் தெரிந்த ஸ்பெல்லிங்கை மனதில் நிறுத்தத்தான் உதவும். தெரியாததைக் கண்டுபிடிக்க அது போதாது.

பலத்தைக் கேட்கவைத்தது

எந்த அசையில் பலம் என்று தெரியாமல் எந்த உயிர் தேய்ந்தது என்று சொல்ல முடியாது. மேஜையைத் தட்டச் சொன்னால் பிள்ளைகள் எல்லா அசைக்கும் ஒரே மாதிரித் தட்டினார்கள். தமிழ்க் காது அப்படித்தான் தட்டும். உதவியது வேறொன்று. தோட்டத்தின் அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் அந்தச் சொல்லை நானே உரக்கக் கூவிக் காட்டினேன். கூவும்போது பலமான அசை தானாக நீளும். கரெ...க்ட் என்றுதான் நீளும். 'க'வை நீட்டினால் கேட்பதற்கே விகாரமாக இருக்கும். நீளத்தை அளக்கும் காதுக்கு இது எளிது. பலத்தை நீளமாக மாற்றிக் கொடுத்ததும் மாணவி தானே கண்டுபிடிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு நோட்டில் ஒரு பழக்கம். ஒரு சொல்லை எழுதும்போது எந்த உயிரில் சந்தேகமோ அதன் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. சொல் முழுவதையும் அகராதியில் தேட வேண்டாம், புள்ளி வைத்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பிள்ளைக்குத் தன் தப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம்.

கம், கன், கல், கர்

அவள் செய்த தப்புகளிலேயே வேகமாகத் தீர்ந்தது இது. கலெக்டர், கமிஷன், கமிட்டி, கம்ப்யூட்டர், கம்ப்ளெய்ண்ட், கண்டிஷன், கண்டக்டர், கனெக்‌ஷன், கரெக்ட் எல்லாமே தமிழில் 'க'வில் தொடங்கி, ஆங்கிலத்தில் முதல் உயிராக ஓ எழுதுபவை. லத்தீனில் 'சேர்ந்து', 'கூட' என்ற பொருளில் வரும் ஒரு முன்னொட்டு, அடுத்து வரும் மெய்க்கு ஏற்பக் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டு இவற்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவிலிருக்கும் ஓ மாறுவதில்லை. கன்ட்ரோல் என்ற சொல்லின் வரலாறு வேறு, அதிலும் ஓதான்.

கட்டிங், கரண்ட், கஸ்டமர் இதற்குள் வராது. அவற்றில் முதல் அசையே பலமானது, எழுத்து யூ. கூவிப் பார்த்தால் தெரியும். கம்பெனி, கலர், கவர் போன்ற சில முதல் அசையில் பலம் விழுந்தும் ஓ எழுதும் சொற்கள். அவற்றைத் தனியே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இந்தப் பகுதி தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே வகுக்க வேண்டிய பாடம் என்று நினைக்கிறேன். ஆங்கிலேயப் பிள்ளைக்கு எழுதிய ஸ்பெல்லிங் புத்தகத்தில் இது இந்த வடிவில் இருக்காது, ஏனென்றால் நாம் எந்தச் சொல்லை 'க' என்று கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கண்டக்டரும் டிரைவரும்

'அர்' என்று முடியும் சொற்களுக்கும் இதேபோல் தமிழ் ஒலியை வைத்தே வழி பிடித்தோம். ஒரே பஸ்ஸில் போகும் கண்டக்டருக்கு ஓ-ஆர், டிரைவருக்கு ஈ-ஆர். ஏன்? 'க்டர்' என்று முடிந்தால் ஓ-ஆர்: டாக்டர், டிராக்டர், கண்டக்டர், கலெக்டர், இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டர். கேரக்டர் ஒன்று மட்டும் முரண்டு பிடித்து ஈ-ஆர் எழுதும். 'ஏட்' என்று முடியும் வினையிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் ஓ-ஆர்: ஆபரேட், ஆபரேட்டர், ஜெனரேட், ஜெனரேட்டர். 'யுலர்', 'குலர்' என்று வருபவை ஏ-ஆர்: ரெகுலர், பாப்புலர், சர்க்குலர், சிங்குலர். மீதிக்கு ஈ-ஆர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது: ஹெல்பர், டிரைவர், மேனேஜர், ஃபார்மர், பிரிண்டர்.

இதற்குள்ளும் அடங்காதவை உண்டு. டெய்லர், சூப்பர்வைசர், மோட்டார் ஓ-ஆர். காலர், டாலர், சுகர், காலண்டர், கிராமர் ஏ-ஆர். மோட்டார் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொறி. கோயம்புத்தூர் பம்ப்செட் ஊர்; மோட்டார் என்று 'டார்' போட்டுத்தான் பேச்சு. ஏ-ஆர் எழுதாத பிள்ளை அபூர்வம்.

இந்த விதிகளைச் சொல்லித்தந்த புதிதில் மாணவி டிரைவரை ஓ-ஆர் போட்டு எழுதினாள். ஹெல்பரையும் அப்படியே. பழைய தப்பு போய்ப் புதுத் தப்பு வந்தது. அம்மாவுக்குக் கவலை, எனக்கு நிம்மதி. எல்லாவற்றுக்கும் ஏ என்று கை தானாக ஓடிய பிள்ளை இப்போது யோசித்துத் தேர்ந்தெடுக்கிறாள். தேர்வு சில இடத்தில் தப்புகிறது, அவ்வளவுதான். அது சீக்கிரமே சரியாகியும் விட்டது.

வாஷ் கேர் லேபிள்

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க மிஸ், வீட்டுல நாங்க என்னத்தச் சொல்லித்தர்றது?" என்று அம்மா கேட்டார். செக்கிங் டேபிளில் அவர் கையில் தினமும் எத்தனையோ பீஸ் போகிறது. ஒவ்வொன்றிலும் மெயின் லேபிள், சைஸ் லேபிள், வாஷ் கேர் லேபிள். வீணாகி ஒதுக்கிய லேபிள் கிடைத்தால், கேட்டு வாங்கி வரச் சொன்னேன். கொண்டுவந்தார். மாணவி அவற்றை நோட்டில் ஒட்டினாள்.

தேய்ந்த உயிருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் நான் பார்த்ததில்லை. விரல் நீளத் துணியில் எவ்வளவு சொற்கள்! காட்டன்: கடைசி உயிர் ஓ. பாலியெஸ்டர்: ஈ-ஆர். அடர் நிறத் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லும் வரியில் செப்பரேட்லி: நடுவில் ஏ. இன்னொரு லேபிளில், ஒத்த நிறத்தோடு சேர்த்துத் துவை என்ற வரியில் சிமிலர்: நடுவில் ஐ, கடைசியில் ஏ-ஆர். மெஷினில் சுழற்றி உலர்த்தாதே என்ற வரியில் டம்பிள்: உயிர் எல்லுக்குப் பின்னால் ஈயாக நிற்கும். லேபிள் என்ற சொல்லிலேயே ஈ எல்லுக்கு முன்னால். சைஸ் லேபிளில் மீடியம்: யூ. மீடியத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டேடியம், மியூசியம், பெட்ரோலியம், அலுமினியம் எல்லாம் வந்தன. தமிழில் 'யம்' என்று முடிந்தால் கடைசி உயிர் பெரும்பாலும் யூ.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி: இந்தத் தேய்ந்த உயிர் பலமாக ஒலிக்கும் சொந்தக்காரச் சொல் ஏதாவது இருக்கிறதா? மெமரியில் நடு உயிர் கேட்காது, மெமோரியலில் ஓ நன்றாகக் கேட்கும். விக்டரியில் கேட்காதது விக்டோரியாவில் கேட்கும். எடிட்டர், எடிட்டோரியல். டெஃபனிட் என்ற சொல்லில் நடுவில் என்ன எழுத்து என்பது பெரியவர்களுக்கே தகராறு. ஃபைனலும் ஃபினிஷும் அதற்குச் சொந்தம், எனவே ஐ. கபடி ஃபைனல் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. செப்பரேட்டுக்கு பிரிப்பேர் சொந்தம், பிரிப்பேரில் ஏ பலமாக ஒலிக்கும். அதற்குள் 'எ ரேட்' என்கிற எலியும் இருக்கிறது, ஏ-ஆர்-ஏ-டி என்று. மாணவியின் தம்பி எலியைப் பிடித்துக்கொண்டான், அவள் பிரிப்பேரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் சரிதான். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் எலியும் பூனையும் தேடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு எந்தச் சொல்லில் எந்த மிருகம் என்பது மறந்துபோகும். கைவிரல் எண்ணிக்கையில் சில சொல்லுக்கு மட்டும் போதும்.

இந்த முறைக்கு ஓர் இடத்தில் முட்டுக்கட்டை விழுந்தது. மேஜருக்கு மெஜாரிட்டி, பாப்புலருக்கு பாப்புலாரிட்டி என்று சொந்தத்தைக் காட்டினேன். மாணவி இரண்டுக்கும் ஏ என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ் வாயில் இரண்டுமே ஆகாரம்: 'ஜா', 'லா'. ஆங்கிலத்தில் முதலாவது ஓ, இரண்டாவது ஏ. காலேஜ், பாக்ஸ் என்று ஓகார எழுத்தையும் நாம் ஆகாரமாகவே சொல்கிறோம் என்பதால், உயிர் பலமாக ஒலித்தும் அடையாளம் தெரியவில்லை. ஆங்கிலேயர் சொல்வதுபோல் மெதுவாக இரண்டையும் சொல்லி, என் வாயைப் பார்க்கச் சொன்னேன். "மெஜாரிட்டிக்கு உங்க வாய் குவியுதுங்க மிஸ், இதுக்கு விரியுதுங்க" என்றாள். குவிந்தால் ஓ, விரிந்தால் ஏ. சீனியாரிட்டி, மைனாரிட்டி குவியும். சிமிலாரிட்டி, ரெகுலாரிட்டி, பர்சனாலிட்டி விரியும். இந்த இடத்தில் ஆசிரியர் நேரில் உட்கார்ந்து வாயைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

வேண்டாம் என்று விட்டவை

பிள்ளைகளின் உச்சரிப்பை மாற்ற நான் முயலவில்லை. ஃபோனிக்ஸ் (எழுத்தை ஒலியோடு இணைத்து வாசிக்கக் கற்பிக்கும் முறை) என்ற பெயரில் நடக்கும் சில வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளையின் வாயில் ஷ்வாவைத் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளை உயிரை முழுசாகச் சொல்வது குறையே இல்லை. ஸ்பெல்லிங்குக்கு அது கையில் இருக்கும் முதல். அதைப் பிடுங்கிவிட்டு, பிறகு ஸ்பெல்லிங் தெரியவில்லை என்று வருந்துவது சரியில்லை. தேய்ந்த ஒலியைக் காது அறிய வேண்டும், கேட்டுப் புரிந்துகொள்ள அது தேவை. வாய் அவசரப்பட வேண்டாம்.

திருத்தும் முறையையும் மாற்றினேன். சொல் முழுவதும் குறுக்கே கோடு போட்டால், எட்டு எழுத்தில் ஏழு சரி என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. தப்பிய உயிருக்கு மட்டும் ஒரு வட்டம். அதன் பக்கத்தில் சரியான எழுத்தை அவளே எழுத வேண்டும், எங்கிருந்து கண்டுபிடித்தாள் என்றும் ஒரு சொல்லில் எழுத வேண்டும்: 'மெமோரியல்', 'க்டர்', 'லேபிள்' என்று. பத்துத் தடவை எழுதுவதற்குப் பதில் ஒரு தடவை காரணத்தோடு.

இப்போதைய நிலை

கம், கன் வகைத் தப்பு அவள் எழுத்தில் அநேகமாக நின்றுவிட்டது. 'அர்' சொற்களில் டெய்லர், மோட்டார் போன்ற தனிச் சொற்களில் இன்னமும் தடுமாறுகிறாள். ஆனால் அடியில் புள்ளி வைத்துவிட்டுத்தான் தடுமாறுகிறாள். நடு உயிரை விழுங்குவது குறைந்திருக்கிறது, வேகமாக எழுதும்போது மட்டும் வருகிறது. தேர்வில் நேரம் நெருக்கும்போது பழைய ஏ எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. சொந்தமாக எழுதும் பத்தி நீளமாகியிருக்கிறது. தப்பு வருமே என்று சின்னச் சின்னச் சொல்லாகத் தேடி எழுதிக்கொண்டிருந்தவள், டெம்பரேச்சர் மாதிரிச் சொல்லையும் துணிந்து போடுகிறாள். எனக்கு மதிப்பெண்ணைவிட இது பெரிது.

அடுத்து எடுத்திருப்பது 'ண்ட்' என்று முடியும் சொற்கள், ஏ-யா ஈ-யா என்று குழப்புபவை. இதிலும் ஒரு பாதிக்குத் தமிழ்க் காதே வழி சொல்கிறது. ஏஜென்ட், அர்ஜென்ட், ரீசென்ட், டீசென்ட், இன்னசென்ட்: 'ஜெ', 'செ' என்று ஒலித்தால் ஈ. அங்கே ஏ எழுதினால் ஜியும் சியும் ககரமாகிவிடும். வேக்கண்ட், எலிகண்ட், சிக்னிஃபிகண்ட்: 'கண்ட்' என்று ஒலித்தால் ஏ. சார்ஜெண்ட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும், ஜகரத்தைக் காக்க ஒரு ஈ, அப்புறம் ஏ. ஸ்டூடண்ட், பேஷண்ட், கரண்ட், இம்பார்ட்டண்ட், அசிஸ்டண்ட், அக்கவுண்டண்ட் போன்றவற்றுக்கு இந்த வழி கிடையாது. முதல் மூன்றுக்கு ஈ, அடுத்த மூன்றுக்கு ஏ. அவற்றை இரண்டு பத்தியாகப் பிரித்து, எழுத்துக் குரலில் சொல்லிச் சொல்லி நோட்டில் சேர்த்து வருகிறாள். பத்தி வளர வளர, சொந்தக்காரச் சொல் கிடைப்பவை எவை, வெறுமனே மனப்பாடம் செய்ய வேண்டியவை எவை என்று பிரிக்கும் வேலை மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது.